கர்ப்ப காலத்தில் வலி நிவாரணி மருந்துகளின் பாதுகாப்பு

கருவுற்ற பெண்கள் தலைவலி, முதுகுவலி, பல்வலி, மூட்டுவலி, காய்ச்சலோடு வரும் உடல்வலி ஆகியவற்றுக்காக எடுத்துக்கொள்ளும் மருந்துகள் வலி நிவாரணிகள் எனப்படும். பேச்சு வழக்கில் இவை எல்லாவற்றுக்கும் "வலி மாத்திரை" என்ற ஒரே பெயர்தான். ஆனால் இவை ஒரே மருந்து அல்ல. வேலை செய்யும் முறையிலும், தாயின் உடலிலிருந்து குழந்தைக்குச் சென்றபின் தரும் விளைவிலும் இவை ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன. ஒரே மாத்திரை கூட மூன்றாம் மாதத்தில் ஒருவிதமாகவும் எட்டாம் மாதத்தில் வேறுவிதமாகவும் விளைவு தரலாம்.

ஆகவே, "கர்ப்பிணிகள் வலி மாத்திரை சாப்பிடலாமா?" என்ற கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. விடை கூற மூன்று செய்திகள் வேண்டும்: மாத்திரையில் உள்ள மருந்தின் பெயர், கர்ப்பத்தின் வாரம், வலிக்கான காரணம். இம்மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் அந்த மாத்திரையை விழுங்காமல் இருப்பதே நல்லது.

இக்கட்டுரை வடசென்னையின் தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பகுதிகளின் அன்றாட வழக்கங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை விளக்குகிறது. இது பொது அறிவுக்காக எழுதப்பட்டது. மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகாது.

வலி ஏன் வருகிறது?

கர்ப்ப காலத்தில் சுரக்கும் இயக்குநீர்கள் இடுப்பு மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களைத் தளர்த்துகின்றன. குழந்தை வெளிவர வழி ஏற்படுத்தும் இயற்கை ஏற்பாடு இது. வயிறு முன்னோக்கி வளர வளர முதுகெலும்பின் வளைவு கூடுகிறது. இதனால் கீழ்முதுகு, இடுப்பு, தொடை ஆகிய இடங்களில் வலி உண்டாகிறது. கெண்டைக்கால் பிடிப்பு, கை மரத்துப்போதல், ஈறு வீக்கம், தலைவலி ஆகியவையும் பலருக்கு வருகின்றன.

இவற்றோடு வேலைப்பளுவும் சேர்கிறது. காசிமேட்டில் மீன் கூடை சுமப்பவர், ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் நாள் முழுதும் நிற்பவர், வாரியக் குடியிருப்பின் மாடிப்படியில் தண்ணீர்க் குடம் தூக்கிச் செல்பவர் ஆகியோர் கர்ப்பம் என்பதற்காக வேலையை நிறுத்த முடிவதில்லை. மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும் என்ற நெருக்கடியில்தான் மாத்திரை விழுங்கப்படுகிறது. மருந்தைப் பற்றி எந்த அறிவுரை சொன்னாலும் இதை மறந்துவிட்டுச் சொல்வதில் பயனில்லை.

மருந்து குழந்தையை அடையும் விதம்

தாயின் இரத்தமும் குழந்தையின் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. இடையில் நஞ்சுக்கொடி இருக்கிறது. ஒருகாலத்தில் இது தீங்கானவற்றைத் தடுத்துவிடும் அரண் என்று கருதப்பட்டது. உண்மையில், வலி நிவாரணிகள் உட்பட, சிறிய மூலக்கூறுகளைக் கொண்ட பெரும்பாலான மருந்துகள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைகின்றன.

இதை உலகுக்கு உணர்த்தியது தாலிடோமைடு என்ற மருந்தாகும். மேற்கு ஜெர்மனியில் 1957இல் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்த இது, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டது. கை கால்கள் வளராமல் குழந்தைகள் பிறக்கத் தொடங்கியபின், 1961ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் உலகம் முழுவதும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர். அமெரிக்காவில் இம்மருந்துக்கு அனுமதி கேட்டபோது, அரசின் மருந்து ஆய்வாளர் பிரான்சிஸ் கெல்சி போதிய சான்று இல்லை என்று கூறி ஒப்புதல் தர மறுத்தார். அங்கே பாதிப்பு மிகக் குறைவாக இருந்ததற்கு அவருடைய உறுதியே காரணம்.

தாலிடோமைடு ஒரு வலி மாத்திரை அன்று. ஆயினும் இக்கட்டுரைக்குப் பொருந்தும் பாடம் ஒன்று அதில் உண்டு. அது பல நாடுகளில் பல வணிகப் பெயர்களில் விற்கப்பட்டது. சளி, காய்ச்சல், ஒற்றைத் தலைவலி ஆகியவற்றுக்கான கூட்டு மாத்திரைகளிலும் அது சேர்க்கப்பட்டிருந்தது. தாம் எடுத்தது தாலிடோமைடு என்பதே அறியாமல் அதை விழுங்கிய தாய்மார்கள் இருந்தனர். மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று அறிவது அன்று எவ்வளவு தேவையாக இருந்ததோ, இன்றும் அவ்வளவே தேவையாக இருக்கிறது.

வாரக் கணக்கு

நம் வீடுகளில் கர்ப்பத்தை மாதக் கணக்கில் சொல்வர். மருந்தின் பாதுகாப்பு வாரக் கணக்கில் சொல்லப்படுகிறது. கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து இக்கணக்கு எண்ணப்படும்.

ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்குக் கடைசி மாதவிலக்கு ஜனவரி 10ஆம் நாள் தொடங்கியது எனக் கொள்வோம். லீப் ஆண்டு அல்லாத ஆண்டில் ஜூன் 1ஆம் நாள் வரை 142 நாட்கள் கடந்திருக்கும். அதை 7ஆல் வகுத்தால் 20 வாரம் 2 நாள் வரும். வீட்டில் கேட்டால் "அஞ்சாம் மாசம் நடக்குது" என்பார்கள். மருந்தைப் பொறுத்தவரை அவர் ஒரு முக்கியமான எல்லையைக் கடந்துவிட்டார்.

நினைவில் கொள்ள வேண்டிய காலங்கள் மூன்று:

1. 5 முதல் 10 வாரம் வரை: இதயம், மூளை, கை கால், முகம் ஆகிய உறுப்புகள் உருவாகும் காலம்.
2. 20ஆம் வாரம்: குழந்தையின் சிறுநீரே பனிக்குட நீரின் பெரும்பங்காக அமைந்துவிட்ட காலம். ஐந்தாம் மாத ஸ்கேன் எடுக்கப்படுவது ஏறத்தாழ இந்நேரத்தில்தான்.
3. 30ஆம் வாரம்: ஏழாம் மாதத்தின் கடைசிப் பகுதி. ஏழாம் மாத வளைகாப்பு நடக்கும் வீடுகளில் வளையல் அடுக்கும் காலம் இதை ஒட்டியே வரும்.

இதில் நம் வழக்கம் ஒன்றையும் கவனிக்க வேண்டும். மூன்று மாதம் முடியும்வரை கருவுற்றிருப்பதை வெளியில் சொல்லக்கூடாது என்பது பல குடும்பங்களின் வழக்கம். கண்ணேறு படும் என்பதும், கரு நிலைக்கட்டும் என்பதும் காரணமாகச் சொல்லப்படும். உறவினரிடம் சொல்லாமல் இருப்பதில் தீங்கில்லை. ஆனால் மருந்துக் கடைக்காரரிடமும், பல் மருத்துவரிடமும், காய்ச்சலுக்குப் பார்க்கும் மருத்துவரிடமும் சொல்லாமல் இருப்பது ஆபத்தாகலாம். மறைத்து வைக்கும் அந்த மூன்று மாதங்களுக்குள்தான் உறுப்புகள் உருவாகின்றன. வயிறு தெரியாத காலத்தில் எதிரில் நிற்பவர் தாமாக ஊகித்துக்கொள்ளவும் முடியாது. "முழுகாம இருக்கேன்" என்ற இரண்டு சொல் போதும்.

மருந்து வகைகள்

பாராசிட்டமால்

கர்ப்ப காலத்தில் வலிக்கும் காய்ச்சலுக்கும் முதலில் பரிந்துரைக்கப்படும் மருந்து பாராசிட்டமால் ஆகும். குரோசின், டோலோ 650 போன்ற பெயர்களில் கிடைப்பது இதுவே. தேவையான மிகக் குறைந்த அளவை, தேவையான மிகக் குறைந்த நாட்களுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதே மருத்துவ உலகின் பொதுவான கருத்து. நலமாக உள்ள பெரியவர் ஒருவர் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் எடுக்கக்கூடாது. அதற்கு மேல் சென்றால் கல்லீரல் பாதிக்கப்படலாம். உடல் எடை குறைந்தவருக்கும் கல்லீரல் நோய் உள்ளவருக்கும் இந்த வரம்பு இன்னும் குறையும்.

2025 செப்டம்பர் 22 அன்று, கர்ப்பத்தில் பாராசிட்டமால் எடுப்பதையும் குழந்தையின் ஆட்டிசத்தையும் இணைத்து அமெரிக்க அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அச்செய்தி நம் ஊர்த் தொலைக்காட்சிகளிலும் வாட்ஸ்அப்பிலும் பரவிப் பலரை அச்சுறுத்தியது. இரு நாள் கழித்து உலக சுகாதார நிறுவனம், அத்தகைய தொடர்பை உறுதிசெய்யும் சான்று ஏதும் இல்லை என அறிவித்தது. 2024இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்று, 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 24.8 இலட்சம் குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தது. மேலோட்டமாக ஒப்பிட்டபோது சிறு வேறுபாடு தெரிந்தது. ஒரே தாய்க்குப் பிறந்த குழந்தைகளை, மருந்து எடுத்த கர்ப்பம், எடுக்காத கர்ப்பம் எனப் பிரித்து ஒப்பிட்டபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. குடும்ப மரபும் தாயின் உடல்நிலையுமே முதலில் தெரிந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

இந்த அச்சத்தால் காய்ச்சலை அப்படியே விட்டுவிடுவதும் தவறாகும். முதல் மாதங்களில் வரும் கடுங்காய்ச்சல், குழந்தையின் மூளை, தண்டுவட வளர்ச்சிக் குறைபாட்டுக்கான வாய்ப்பைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள்

ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென், மெஃபெனாமிக் அமிலம், நிமசுலைடு, வலிக்கான அளவில் தரப்படும் ஆஸ்பிரின் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. மருந்துக் கடையில் "நல்லாக் கேக்குற மாத்திரை" என்று பலரும் கேட்டு வாங்குவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகவே இருக்கும்.

இவை உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. வீக்கத்தையும் வலியையும் தூண்டுவது அப்பொருள்தான். ஆனால் வயிற்றிலுள்ள குழந்தைக்கு அதே பொருள் இரண்டு இடங்களில் இன்றியமையாதது.

முதலாவது, சிறுநீரகம். புரோஸ்டாகிளாண்டின் குறைந்தால் குழந்தையின் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறையும். சிறுநீர் குறைவதால் பனிக்குட நீரும் குறையும். ஸ்கேன் எடுத்தபின் "தண்ணி கம்மியா இருக்கு" என்று சொல்லப்படுவதற்கு உள்ள பல காரணங்களுள் இதுவும் ஒன்று. பனிக்குட நீர் மிகவும் குறைந்தால் குழந்தையின் நுரையீரல் வளர்ச்சியும் கை கால் அசைவும் பாதிக்கப்படும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 அக்டோபரில், 20ஆம் வாரத்துக்குப் பின் இம்மருந்துகளைத் தவிர்க்குமாறு எச்சரித்தது. நீர் குறைவு பெரும்பாலும் பல நாட்கள் தொடர்ந்து எடுத்தவர்களிடம் காணப்பட்டாலும், 48 மணி நேரத்திலேயே தோன்றியதும் உண்டு. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சீராகிவிடுகிறது.

இரண்டாவது, இதயத்தை அடுத்துள்ள ஒரு குறுங்குழாய். வயிற்றிலுள்ள குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஆகவே நுரையீரலுக்குப் போக வேண்டிய இரத்தத்தின் பெரும்பகுதி, இக்குழாய் வழியே பெருந்தமனிக்குத் திருப்பி விடப்படுகிறது. பிறந்தபின் குழாய் தானே மூடிக்கொள்ளும். அதுவரை அதைத் திறந்து வைத்திருப்பதில் புரோஸ்டாகிளாண்டினுக்குப் பங்குண்டு. 30ஆம் வாரத்துக்குப் பின் இவ்வகை மாத்திரைகளை எடுத்தால் குழாய் முன்கூட்டியே சுருங்கி, குழந்தையின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பளு ஏற்படலாம்.

20ஆம் வாரத்துக்கு முன் இவற்றைத் தாராளமாக எடுக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. தொடக்க மாதங்களில் எடுத்தால் கருச்சிதைவு வாய்ப்பு கூடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபடவில்லை. ஐயம் தீராதவரை தவிர்ப்பது நலம் என்பதால், தொடக்க மாதங்களிலும் மருத்துவர்கள் இவற்றைத் தகுந்த காரணமின்றித் தருவதில்லை.

குறைந்த அளவு ஆஸ்பிரின்

மேற்சொன்ன எச்சரிக்கைக்கு ஒரு விலக்கு உண்டு. கர்ப்பகால இரத்த அழுத்த நோய் வரும் வாய்ப்பு மிகுந்தவர்களுக்கு, அதைத் தடுக்க 75 முதல் 150 மில்லிகிராம் வரை ஆஸ்பிரின் நாள்தோறும் தரப்படுகிறது. பெரும்பாலும் 12ஆம் வாரத்துக்குப் பின் இது தொடங்கப்படும். இங்கே ஆஸ்பிரின் வலிக்காகத் தரப்படுவதில்லை. "கர்ப்பத்தில் ஆஸ்பிரின் ஆகாது" என்று இணையத்தில் படித்துவிட்டோ, வீட்டுப் பெரியவர் சொன்னார் என்றோ இதைத் தாமாக நிறுத்துவது தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரே மருந்து அளவும் காரணமும் மாறும்போது கேட்டைத் தராமல் காவலாவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஓபியாய்டு வகை மருந்துகள்

டிரமடால், டபெண்டடால், கோடீன், மார்ஃபின் முதலியவை மூளையிலும் நரம்பிலும் வேலை செய்யும் வலுவான மருந்துகள். வடசென்னையில் "வலி நிவாரண மாத்திரை" என்ற சொல்லே இன்று செய்தித்தாளின் குற்றப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. போதைக்காக இளைஞர்களிடம் விற்கப்படுவதாகக் காவல்துறை பறிமுதல் செய்யும் மாத்திரைகள் இந்த வகையைச் சேர்ந்தவையே. பாராசிட்டமாலுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

கர்ப்பத்தில் இவற்றை நீண்ட நாட்கள் எடுத்தால், பிறந்த குழந்தைக்கு மருந்து விலகல் அறிகுறிகள் தோன்றலாம். ஓயாத அழுகை, நடுக்கம், பால் குடிக்காமை, தூக்கமின்மை ஆகியவை அவை. பிரசவத்தை ஒட்டி எடுத்தால் குழந்தையின் மூச்சு மந்தப்படலாம். மருத்துவமனையில் பிரசவ வலிக்கோ அறுவைக்குப் பின்னோ ஊசியாகக் கொடுப்பது வேறு. அங்கே தாயையும் குழந்தையையும் கண்காணிக்கச் செவிலியரும் கருவிகளும் உண்டு.

ஏற்கெனவே நெடுநாளாக இவற்றை எடுத்துவருபவர் கருவுற்றால் திடீரென நிறுத்திவிடக் கூடாது. திடீர் நிறுத்தம் கருச்சிதைவுக்கும் குறைப்பிரசவத்துக்கும் வழிவகுக்கலாம். மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே அளவை மாற்ற வேண்டும். பழக்கத்துக்கு ஆட்பட்டவராயினும் இதை மறைக்காமல் சொல்வதே குழந்தைக்குச் செய்யும் முதல் உதவி.

பிற மருந்துகள்

ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட்டமின் கருப்பையையும் இரத்தக் குழாய்களையும் சுருக்கும் என்பதால் கர்ப்பத்தில் விலக்கப்பட்டது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட், தலைவலித் தடுப்புக்கு வால்புரோயேட் எடுப்பவர்கள், கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி மாற்று மருந்துக்குச் செல்ல வேண்டும். இவை குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியவை. நரம்பு வலிக்கான பிரிகாபலினும் மருத்துவர் ஆய்ந்து முடிவு செய்ய வேண்டிய ஒன்று.

தோலில் தடவும் டைக்ளோஃபெனாக் களிம்பு, சாலிசிலேட் கலந்த தைலங்கள் ஆகியவற்றிலிருந்து உடலுக்குள் செல்லும் அளவு குறைவே. ஆயினும் பெரிய பரப்பில் நாள்தோறும் பூசுவதையும், கடைசி மூன்று மாதங்களில் பூசுவதையும் தவிர்க்க வேண்டும்.

கூட்டு மாத்திரைகளும் பெயரில்லா மாத்திரைகளும்

நம் நாட்டில் விற்கப்படும் வலி மாத்திரைகள் பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் உள்ளன. அட்டையின் முன்புறம் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். மருந்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். சில எடுத்துக்காட்டுகள்:

- காம்பிஃப்ளாம்: ஐபுபுரோஃபென், பாராசிட்டமால்
- ஜீரோடால்-பி: அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால்
- மெஃப்டால் ஸ்பாஸ்: மெஃபெனாமிக் அமிலம், டைசைக்ளோமின்
- அல்ட்ராசெட்: டிரமடால், பாராசிட்டமால்

"பாராசிட்டமால்தான் இருக்கிறது" என்று ஒரு பாதியை மட்டும் படித்து நிம்மதி அடைவதில் தவறு நேர்கிறது. இன்னொரு தவறு அளவில் நேர்கிறது. ஒருவர் நாளைக்கு நான்கு டோலோ 650 எடுத்தால் 2,600 மில்லிகிராம். அதோடு 325 மில்லிகிராம் பாராசிட்டமால் உள்ள கூட்டு மாத்திரை இரண்டு எடுத்தால் 650. சளிக்காக 500 மில்லிகிராம் பாராசிட்டமால் கலந்த மாத்திரை மூன்று எடுத்தால் 1,500. கூட்டினால் 4,750 மில்லிகிராம் ஆகிறது. மூன்று வெவ்வேறு மாத்திரைகள் என்று நினைத்து எடுத்தவர், ஒரே மருந்தின் வரம்பைத் தாண்டிவிடுகிறார்.

மத்திய அரசு 2024 ஆகஸ்டில் 156 கூட்டு மருந்துகளுக்குத் தடை விதித்தது. அசிக்ளோஃபெனாக் 50 மில்லிகிராமும் பாராசிட்டமால் 125 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை அவற்றுள் ஒன்று.

இதனினும் கவலை தருவது "செட் மாத்திரை" வழக்கம். உடம்பு வலி, காய்ச்சல் என்று சொன்னால், மூன்று நான்கு வகை மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிச் சிறு காகித உறையில் போட்டுத் தருவது பல ஊர்களில் நடக்கிறது. மலிவாகவும் விரைவாகவும் முடிந்துவிடுகிறது. மருத்துவரைப் பார்க்கப் போனால் அரை நாள் கூலி போகும் என்பவருக்கு இதுவே வழியாகத் தெரிகிறது. ஆனால் வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் இருக்காது, காலாவதி நாளும் இருக்காது. பிறகு ஏதாவது நேர்ந்தால், என்ன சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்கும்போது "வெள்ளையா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு" என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இருக்காது. மேலே சொன்ன மூன்று செய்திகளில் முதலாவது அங்கேயே தொலைந்துவிடுகிறது.

மருந்து விதிகள், 1945இன்படி, அட்டவணை எச் மருந்துகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. டைக்ளோஃபெனாக் அவற்றுள் அடங்கும். டிரமடால் இன்னும் கடுமையான எச்1 அட்டவணையில் உள்ளது. அதை விற்கும் கடை, மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயரையும் மருந்தின் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2018இல் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் கொண்டுவரப்பட்டது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டுக்குரிய மருந்து என்று அறிந்துகொள்ளலாம்.

மருந்து வாங்கும்போது கைக்கொள்ள வேண்டியவை:

1. கருவுற்றிருப்பதையும் எத்தனையாவது வாரம் என்பதையும் முதலில் சொல்ல வேண்டும்.
2. பெயர் தெரியும்படி முழு அட்டையாகவோ, பெயர் அச்சிட்ட பகுதியுடனோ வாங்க வேண்டும்.
3. அட்டையின் பின்புறத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கலாம்.
4. வீட்டிலுள்ள மற்றவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை எடுக்கக்கூடாது.

எழுத்து வகைப்பாடு

இணையத்தில் தேடுபவர்கள் "கர்ப்ப வகை பி", "வகை சி" என்ற குறிப்புகளைக் காணலாம். அமெரிக்காவில் 1979இல் தொடங்கிய ஏ, பி, சி, டி, எக்ஸ் என்ற வகைப்பாடு அது. ஓர் எழுத்தைப் பார்த்து மக்கள் தவறான முடிவுக்கு வந்ததால், 2015 முதல் அது கைவிடப்பட்டு, சான்றுகளை விரிவாக எழுதும் முறை அங்கு வந்தது. பழைய எழுத்தை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது.

மறைக்கக்கூடாத வலிகள்

வலி ஓர் அறிவிப்பு. சில வலிகளை மாத்திரையால் அடக்குவது, அடிக்கும் மணியைத் துணியால் மூடுவது போன்றது. பின்வரும் நிலைகளில் மாத்திரையைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

- 20ஆம் வாரத்துக்குப் பின் கடுமையான தலைவலி, பார்வை மங்கல், முகம் கை வீக்கம், மேல்வயிற்று வலி. இவை இரத்த அழுத்த நோயின் அறிகுறிகளாக இருக்கலாம்.
- மாதவிலக்கு தள்ளிப்போன சில வாரங்களில் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, மயக்கம், இரத்தப்போக்கு. கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும்.
- விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, நீர் கசிவு, குழந்தையின் அசைவு குறைதல்.
- காய்ச்சலுடன் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், விலாப்புற வலி.
- ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல்.

"சூட்டு வலி" என்ற சொல் நம்மிடையே வழக்கில் உண்டு. பிரசவ வலி போலத் தோன்றி அடங்கிவிடும் வலிக்கு உடல் சூடே காரணம் என்று சொல்லி, சீரகத் தண்ணீர் கொடுத்து ஓய்வெடுக்கச் சொல்வர். பல நேரங்களில் அது அடங்கிவிடுவதும் உண்மை. ஆனால் 37 வாரம் நிறையும் முன் சீரான இடைவெளியில் வந்துகொண்டிருக்கும் வலி, குறைப்பிரசவத்தின் தொடக்கமாக இருக்கலாம். சூட்டு வலி என்று முடிவு செய்து வயிற்றுவலி மாத்திரை கொடுப்பது, மருத்துவமனைக்குப் போக வேண்டிய மணி நேரங்களை வீணாக்கிவிடும்.

மழைக்காலக் காய்ச்சலிலும் கவனம் தேவை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் டெங்கு பரவும். டெங்குக் காய்ச்சலில் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் பாராசிட்டமால் மட்டுமே ஏற்றது. காய்ச்சல் கண்ட கர்ப்பிணி, ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுத்துவந்தால் அதை உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மருந்தில்லா வழிகள்

எளிய முதுகுவலிக்கு முதலில் மருந்தில்லா வழிகளை முயலலாம். இடப்புறம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துப் படுத்தல், வெதுவெதுப்பான ஒத்தடம், நின்று செய்யும் வேலையில் ஒரு காலைச் சிறு பலகைமேல் மாற்றி மாற்றி வைத்தல், தட்டையான செருப்பு அணிதல் ஆகியவை பயன் தரும். குடம் தூக்குவதை வீட்டிலுள்ள மற்றவர் ஏற்றுக்கொண்டால், பல நேரங்களில் மாத்திரைக்குத் தேவையே இருக்காது. தாங்க முடியாத வலியைப் பொறுத்துக்கொள்வதும் தியாகம் ஆகாது. தொடர்ந்த வலி தூக்கத்தையும் உணவையும் கெடுத்து, தாயின் மனநலத்தையும் இரத்த அழுத்தத்தையும் பாதிக்கும்.

தெரியாமல் எடுத்துவிட்டால்

மாதவிலக்கு வரப்போகிறது என்று எண்ணி வயிற்றுவலிக்கு மாத்திரை எடுத்தபின், கருவுற்றிருப்பதை அறிபவர்கள் பலர். அவர்களை வாட்டும் அச்சம் பெரிது. சாதாரண வலி மாத்திரை ஒன்றிரண்டு எடுத்ததால் குழந்தை ஊனமாகப் பிறக்கும் என்று முடிவு செய்யத் தேவையில்லை. அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதும் இல்லை. எந்த மருந்தும் எடுக்காத தாய்மாருக்கும் ஏறத்தாழ 100க்கு 3 குழந்தைகள் ஏதேனும் பிறவிக் குறைபாட்டுடன் பிறக்கின்றன. செய்ய வேண்டியது, மருந்தின் பெயர், அளவு, எடுத்த நாட்கள் ஆகியவற்றை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் காட்டுவதும், ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறவிடாததும் ஆகும். வீட்டார் செய்ய வேண்டியது, திட்டாமல் இருப்பது. திட்டுக்குப் பயந்தவர் அடுத்த முறை மறைத்துவிடுவார்.

பாலூட்டும் காலம்

பிரசவத்துக்குப் பின் நிலைமை மாறுகிறது. பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலப்பதால், பாலூட்டும் தாய்க்கு ஏற்றவையாகக் கருதப்படுகின்றன. எட்டாம் மாதத்தில் விலக்கப்பட்ட ஐபுபுரோஃபென், குழந்தை பிறந்தபின் மருத்துவராலேயே தரப்படலாம். கோடீனும் டிரமடாலும் இதற்கு மாறானவை. சிலருடைய உடல் இவற்றை மிக விரைவாக வலுவான பொருளாக மாற்றிவிடுவதால், பால் குடிக்கும் குழந்தைக்கு மூச்சு மந்தப்படலாம். 2017இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், பாலூட்டும் தாய்மார் இவற்றைத் தவிர்க்க அறிவுறுத்தியது.

தண்டையார்பேட்டை வட்டாரத்தில் உதவி

வடசென்னையின் பெரிய அரசு மகப்பேறு மருத்துவமனை, ராயபுரத்திலுள்ள ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை. மக்கள் சுருக்கமாக ஆர்.எஸ்.ஆர்.எம். என்பர். இது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது. அன்றாடப் பரிசோதனைக்கு, தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் மண்டலங்களில் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளன. கர்ப்பத்தைப் பதிவுசெய்து பிக்மி எண் பெறும்போதே, வழக்கமாக எடுக்கும் மருந்துகளின் பெயர்களையும் செவிலியரிடம் சொல்லித் தாய் சேய் நலப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது நல்லது. மாதந்தோறும் 9ஆம் நாள், 2016இல் தொடங்கிய பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது.

மருந்து பற்றிய ஐயத்துக்கு 104 என்ற எண்ணிலும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மருந்தால் ஏற்பட்ட தீய விளைவை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.

மருத்துவர் முன் அமரும்போது, எத்தனையாவது வாரம், எந்த மாத்திரை, எதற்காக என்ற மூன்றையும் சொல்ல முடிந்தால், சரியான மருந்தைத் தேர்வது அவருக்கு எளிதாகும். இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டு செல்வது, எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் எல்லாக் குடும்பத்தாலும் செய்யக்கூடிய செயலே.